எட்டு எழுத்துக்குக் குறையாமல்

…எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, சரி, அதில் ஒன்றாவது பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், அதுவும் சரி, ஒரு எண், பிறகு ஒரு குறி, @ என்கிற சுழியோ சதவீதமோ ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் காலையிலேயே எழுதி முடித்து ஏற்றியும் ஆயிற்று, இன்னும் எதற்கு அந்த வரியையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. திரையின் நடுவில் அது கிடந்தது, தொப்பிக் குறியில் தொடங்கி டாலர் குறியில் முடிகிற ஒரே வரி, இடையில் அடைப்புக்குறிகளும் புள்ளிகளும் நட்சத்திரங்களுமாக, தெரியாதவர்கள் பார்த்தால் கைக்குழந்தையிடம் கீபோர்டைக் கொடுத்துவிட்டார்கள் என்பார்கள். ரெஜெக்ஸ் என்று இதற்குப் பெயர். ஆட்கள் அடிக்கிற கடவுச்சொல் இந்த வரியோடு பொருந்தினால் டேட்டாபேஸ் வாங்கி வைத்துக்கொள்ளும், பொருந்தாவிட்டால் வெளியே தள்ளும், அவ்வளவுதான், பேச்சுவார்த்தைக்கெல்லாம் இதில் இடமில்லை. காலையில் சோதித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றாக அடித்தார், வெறும் எண்கள், செல்லாது, வெறும் எழுத்துகள், செல்லாது, அரைகுறையாக நாலு எழுத்து, செல்லாது, காலியாக விட்டு என்டரைத் தட்டினார், அதுவும் செல்லாது. போட்ட அத்தனையையும் திருப்பி அனுப்பியது. பலே என்று சொல்லிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிடங்குக்கு மட்டும் ஏற்றிவிட்டார், மற்றக் கிளைகளுக்கு அப்புறம் என்று. குளிர்கிடங்குகள் நடத்துகிற நிறுவனம், பழமும் மீனும் மருந்துமாக அடுக்கி வைப்பார்கள், எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்பதிலிருந்து வண்டி வந்தால் கதவைத் திறப்பது வரை எல்லாமே இந்த ஒரு மென்பொருளில்தான். நாளைக்குச் செய்யலாமே என்று அவர் சொல்லியிருக்கலாம். மேலாளருக்கு ஆபீஸில் 'இன்னிக்கே' என்று பெயர், எதைக் கேட்டாலும் இன்னிக்கே வேணும் சார் என்பான், ஆனால் இந்தத் தடவை அவன் நாளைக்குக் கூடப் பரவாயில்லை என்றுதான் சொன்னான். இல்ல சார், இன்னிக்கே முடிச்சிடறேன் என்று சொன்னது இவர்தான்.

மூன்று மணிக்கு மகளுக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில், கையெழுத்துப் போட்டால் முடிந்தது. காலையில் மனைவி குளித்துத் தயாராகி, கண்ணாடி முன்னால் நின்று, வாங்கன்னும் சொல்லவில்லை, வராதீங்கன்னும் சொல்லவில்லை. இளநீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். அவர் அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அதற்கு அடியில் தொங்கிய பழைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கைப்பையின் ஜிப்பை மூடினாள், அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. கோபமா? இல்லையே. வருத்தமா? அதுவும் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் உதடு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கையால் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இரண்டு வாரமாக எல்லாமே மரத்துப்போய்க் கிடந்தது. சாப்பிட்டால் சாப்பிட்டது தெரியும், ருசி தெரியாது. தூங்கினால் தூங்கியது தெரியும், எழுந்தால் தாடை மட்டும் விண்விண் என்று வலிக்கும். தாடை… அதைப் பற்றி இப்போது வேண்டாம். குறி ஒன்று, எண் ஒன்று, எட்டுக்குக் குறையாமல்.

போன் அடித்தது. கிடங்கு அக்கா. ஐம்பத்தாறு வயது, கிடங்கின் பொறுப்பு முழுக்க அவள் தலையில், மைனஸ் இருபதில் நின்று நின்று குரல் மட்டும் சூடாகவே இருக்கும். தம்பி, என்னப்பா பண்ணி வச்சிருக்க, உள்ளயே விட மாட்டேங்குது. பாஸ்வேர்ட் மாத்தணும்க்கா, புது விதி, சுற்றறிக்கை வந்திருக்குமே. வந்துச்சு, படிச்சேன், அதுல சொன்ன மாதிரியேதான் போடறேன், பெரிய எழுத்து, நம்பர், நடுவுல அந்தச் சுழி, எல்லாம் போட்டேன், செல்லாதுங்குது. எட்டு எழுத்து இருக்கா பாருங்க. எண்ணிட்டேம்பா, பதினொண்ணு இருக்கு. சொல்லிவிட்டு அவள் அந்தக் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகப் போனில் கத்தினாள், பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா, அக்கா, பாஸ்வேர்டை அப்படி வெளிய சொல்லக் கூடாது. அட போப்பா, செல்லாத பாஸ்வேர்டை எவன் திருடப் போறான்? அவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை, அடிக்கிறப்ப எங்கயாவது கை தவறியிருக்கும்க்கா, நிதானமா இன்னொரு தடவை போட்டுப் பாருங்க என்று வைத்துவிட்டார். ஐம்பத்தாறு வயதில் சுழியைத் தேடிக் கண்டுபிடித்து அடித்திருக்கிறாளே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எல்லோரும் இப்படித்தான், எதையோ விட்டுவிட்டு எல்லாம் சரியாகத்தான் போட்டேன் என்பார்கள், இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிற பல்லவி. தப்பு எப்போதும் அடிக்கிறவர்கள் பக்கம்தான் இருக்கும், வரி தப்பு செய்யாது.

சரியாகத்தான் போட்டேன் என்று அந்தப் பையனும் வந்திருப்பானோ? ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்தான். பல் கட்டுகிற கூடத்தில் வேலை, மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்பினால் இவன் அதை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பான், கழுவிவிட்டுத்தான் வந்திருக்கிறான், ஆனாலும் நகக்கண்ணில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். இவர் டீவியை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார், அதுவே பெரிய மரியாதை என்று அப்போது நினைப்பு. என்ன சம்பளம் என்று கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை, ஒன்றுமே கேட்கவில்லை, மனைவிதான் அதையும் இதையும் கேட்டுக்கொண்டு காபி கொண்டுவந்தாள். அவன் தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பிறகு இவர் காபியைக் குடிக்கும்போது இவர் வாயைப் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாக, சார், நீங்க தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா என்றான். வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா அது? இல்ல சார், முன்பல்லு ஓரம் தேஞ்சிருக்கு, காலைல தாடை வலிக்குமே, ராத்திரி போட்டுக்க ஒண்ணு செஞ்சு தரேன், ரப்பர் மாதிரி இருக்கும், உறுத்தாது என்றான். சமையலறையில் மனைவி சிரித்தது கேட்டது, இருபத்தேழு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருத்தன் வந்து பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டான். மகளும் சிரித்தாள். இவருக்குச் சுருக்கென்றது. வந்தவன் பெண் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, வாய்க்குள் எட்டிப் பார்க்க இவன் யார்? அவன் போனதும் மகள் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். எப்படிப்பா இருக்கான்? சரிப்படாதும்மா. ஏம்ப்பா? சரிப்படாதுன்னா விடேன். டீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுபடி போன், அக்காதான் என்று எடுத்தால் மனைவி. பின்னால் ஒரே கூச்சல், நாற்காலியை இழுக்கிற சத்தம். என்னங்க, நாங்க வந்துட்டோம். ம். கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கு, நமக்கு முன்னாடி ரெண்டு மூணு ஜோடி உக்காந்திருக்காங்க. ம். வேலையா? கிடங்குல ஒரு பிரச்சனை, யாராலயும் உள்ள போக முடியல, நான் இல்லாம முடியாது. அவள் சரி என்றாள், அந்தச் சரியில் கோபம் இருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும், வெறும் சரி. வைத்த உடனே அக்கா. தம்பி, வாசல்ல மீன் வண்டி வந்து நிக்குது, நான் உள்ள போனாத்தான் கதவு திறக்கும், வண்டிக்காரன் என் உயிரை எடுக்கறான், ஐஸ் உருகித் தண்ணியா ஊத்துது. வேற ஏதாவது போட்டுப் பாருங்கக்கா. எத்தனையைத்தான் போடறது? நான் பாட்டுக்குத் தட்டறேன், அது பாட்டுக்குச் செல்லாது செல்லாதுன்னுட்டே இருக்கு, எது செல்லாது, ஏன் செல்லாது, ஒரு வார்த்தை சொல்லுதா பாரு. கடைசில எதைத்தான் ஏத்துக்கும் இது, நீயாவது சொல்லித் தொலையேன்.

எதைத்தான்… இந்தக் கேள்வியை எங்கேயோ பார்த்தோமே, எங்கே, ஆமாம், போனில்தான். இரண்டு வாரமாக அங்கேயே கிடக்கிறது. நான் என்ன செஞ்சா நீங்க வருவீங்கப்பா, அதையாவது சொல்லுங்க. மகள் எழுதியது. படித்துவிட்டார் என்று அவளுக்கும் தெரியும், நீல நிறத்தில் இரண்டு டிக் காட்டிக்கொடுத்திருக்கும். பதில் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? அவள் இப்போது தோழிகளோடு தங்கியிருக்கிறாள், அந்தச் சண்டைக்கு மறுநாள் போனவள். சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, குரலை உயர்த்தியது அவள் மட்டும்தான். எங்களைக் கேக்காம நீயா ஒருத்தனைப் பாத்துட்டு வந்து நிக்கறியே, அது எப்படி என்று இவர் கேட்டார், அவ்வளவுதான். அவள் இவரை நேராகப் பார்த்தாள். நீங்கதானேப்பா சொன்னீங்க, உனக்குப் பிடிச்சவனை நீயே பாத்துக்கோ, எனக்கு மாப்பிள்ளை தேடி அலையத் தெம்பில்லன்னு? சொன்னார்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு மேசையில், சிரித்துக்கொண்டே, பெருந்தன்மையாக. இன்னொரு நாள், அதே மேசையில், எதுவா இருந்தாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லிட்டுச் செய், யாரையாவது கூட்டிட்டு வந்து நிக்காதே என்றும் சொன்னார். அதுவும் சிரித்துக்கொண்டேதான். அவள் இரண்டையும் ஞாபகம் வைத்திருந்தாள். அப்ப முதல்ல பாக்கறதா, முதல்ல சொல்றதா, பாக்காமலே யாருன்னு சொல்றது என்று அழுதுகொண்டே கேட்டாள். எதிர்த்துப் பேசாதே என்று முடித்துவிட்டார்.

அக்கா இன்னும் லைனில்தான் இருந்தாள், மீன்காரனிடம் இருப்பா இருப்பா என்று கத்திக்கொண்டிருந்தாள். சரிக்கா, நானே ஒண்ணு போட்டுப் பாக்கறேன், இருங்க. இதுவரை ஏன் அதைச் செய்யவில்லை என்று விரல் கீபோர்டுக்குப் போகிறபோதுதான் தோன்றியது. பெரிய எழுத்தில் தொடங்கினார், சின்ன எழுத்துகள், நடுவில் ஒரு சுழி, கடைசியில் எண்கள், மொத்தம் பன்னிரண்டு, கேட்ட எல்லாம் இருக்கிறது, குறை சொல்ல வழியே இல்லை. செல்லாது. மீண்டும் முயற்சிக்கவும். கண்ணை இடுக்கினார். சுழிக்குப் பதில் சதவீதம். செல்லாது. இன்னும் நீளமாக ஒன்று. செல்லாது. அட. வரியைப் பார்த்தார், காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அதே வரிதான், இப்போதுதான் படித்தார். முன்பாதி எட்டிப் பார்க்கிறது, பெரிய எழுத்து இருக்கிறதா, எண் இருக்கிறதா, குறி இருக்கிறதா என்று. பின்பாதி… பின்பாதி பழையது, எட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதியது, [A-Za-z0-9], எழுத்தும் எண்ணும் தவிர வேறு எதுவும் உள்ளே வரக் கூடாது என்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு அதன் தலையில் புதியதை ஒட்டியிருக்கிறார். குறி இல்லாமல் வந்தால் முன்பாதி தள்ளும். குறியோடு வந்தால் பின்பாதி தள்ளும். உலகத்தில் எவர் வந்து எதை அடித்தாலும், விடிய விடிய அடித்தாலும், இதில் தேறவே முடியாது. காலையில் போட்டுப் பார்த்ததெல்லாம் கெட்ட கடவுச்சொற்கள், தள்ளுகிறதா என்றுதான் பார்த்தார், நல்லதாக ஒன்று போட்டு உள்ளே விடுகிறதா என்று பார்க்கவே இல்லை. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம் இவர் முதல் நாளே சொல்கிற பாடம் அது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தாடை மட்டும் இறுகியிருந்தது, எப்போதிலிருந்து இறுகியிருக்கிறது?

தம்பி, இருக்கியா? இருக்கேன்க்கா. தப்பு என்னுதுதான்க்கா. சொல்லும்போது குரல் யாருடையதோ மாதிரி வந்தது. நீங்க போட்டதெல்லாம் சரிதான், முதல்ல போட்டதே சரி. அந்தப் பக்கம் அவள், அடப்பாவி என்றாள், சத்தமில்லாமல், நிம்மதியாக, நான் என்னவோ எனக்குத்தான் வயசாகிப் புத்தி மழுங்கிப்போச்சுன்னு பயந்துட்டேன்பா. ஐந்து நிமிஷம் குடுங்கக்கா. அந்த ஒரு வரியைத் துண்டு துண்டாக நறுக்கினார், ஒரு நிபந்தனைக்கு ஒரு வரி, ஒவ்வொன்றுக்கும் அதற்கு உரிய செய்தி, ஒரு எண் வேண்டும், ஒரு குறி வேண்டும், நீளம் போதாது என்று. பழைய பின்பாதியை அழித்தார். இந்தத் தடவை நல்லதைப் போட்டு உள்ளே விடுகிறதா என்று முதலில் பார்த்தார், விட்டது. ஏற்றினார். இப்ப போடுங்கக்கா. தட்டுகிற சத்தம், ஒரு விரல், நிறுத்தி நிறுத்தி. ஒரு எண் வேண்டும்னு சொல்லுது தம்பி, ஆமா, பதட்டத்துல விட்டுட்டேன், போடறேன் இரு… உள்ள போயிட்டேன்! பின்னால் பெரிய கதவு உறுமிக்கொண்டு திறக்கிற சத்தம், யாரோ கை தட்டினார்கள். இதைச் சொல்றதுக்கு என்னவாம் அதுக்கு முதல்லயே, எண்ணு இல்லன்னா எண்ணு இல்லன்னு, வாயில என்ன கொழுக்கட்டையா என்று வைத்துவிட்டாள்.

ஆபீஸ் அமைதியாகிவிட்டது, ஏசி மட்டும் இரைந்தது. மற்றக் கிளைகளுக்கு ஏற்ற வேண்டும். கை மௌஸின் மேல் கிடந்தது, ஆனால் புத்தி நறுக்கிய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் நிற்கவில்லை. ஒரு நிபந்தனைக்கு ஒரு வரி. வேலை இருக்கிறதா, இருக்கிறது. குடி, சூதாட்டம், ஒன்றும் கேள்விப்படவில்லை. முகத்துக்கு நேரே பொய் சொல்வானா, பல்லைப் பற்றிச் சொன்னது பொய் இல்லையே, முதல் நாளிலேயே மாமனார் ஆகப்போகிறவரிடம் போய் அதைச் சொல்கிறவனுக்குப் பொய் வருமா? அவளைச் சிரிக்க வைக்கிறானா… வைத்தான், சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு அவள் சிரித்தது, அப்படி அவள் வீட்டில் சிரித்து எத்தனை நாளாயிற்று. பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்கிறானா, நின்றான், காபி டம்ளரைக்கூட அவனேதான் கொண்டுபோய் வைத்தான். எதிலும் தள்ளவில்லை. அப்புறம் எதில் தவறினான்? ஒரு செய்தி எழுதச் சொன்னால் என்னவென்று எழுதுவார்? நீயே பார்த்துக்கொள், எங்களைக் கேட்காமல் பார்க்காதே… அப்படியென்றால் யார்தான் வந்திருக்க முடியும்? எவன் வந்திருந்தாலும் சரிப்படாதுதான். ராஜகுமாரன் வந்திருந்தாலும் அவன் நகக்கண்ணில் ஏதாவது ஒட்டியிருந்திருக்கும். நெஞ்சில் எங்கேயோ சின்னதாக வலித்தது, ஊசியின் மரப்பு விலகும்போது முதலில் ஒரு ஓரத்தில் வலிக்குமே, அப்படி. பயமாக இருந்தது. மணியைப் பார்த்தார், மூன்று தாண்டிவிட்டது. போனில் மனைவியின் செய்தி ஒன்று வந்து கிடந்தது. முன்னாடி இன்னும் ஒரு ஜோடி. அவ்வளவுதான், வாங்க என்று இல்லை, கேள்விக்குறிகூட இல்லை.

எழுந்தார். பையை எடுத்தாரா இல்லையா என்று பிறகு ஞாபகமில்லை. மேலாளர் 'இன்னிக்கே' எதிரில் வந்தான். சார், கிடங்கு சரியாயிடுச்சாமே, சூப்பர், மத்த கிளைக்கும் ஏத்திடலாமா? நாளைக்கு. நாளைக்கா? எங்க சார் கிளம்பிட்டீங்க? என் பொண்ணுக்குக் கல்யாணம். அப்படியா, வாழ்த்துகள் சார், எப்ப? இப்ப. அவன் வாயைத் திறந்தபடி நின்றான், இப்பவா, அப்ப இங்க என்ன சார் பண்ணிட்டு இருக்கீங்க என்றான், அவன் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது, அந்த மட்டில் அவன் நல்லவன்தான், ஓடிப்போய் லிப்டின் பொத்தானை அவனே அழுத்தினான். லிப்டின் கண்ணாடியில் பழைய சட்டை தெரிந்தது, காலரில் நூல் பிரிந்து, பையில் பேனா கசிந்த நீலக் கறை. இளநீலச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும், இஸ்திரி மடிப்புக் கலையாமல். வீட்டுக்குப் போய் மாற்ற நேரமில்லை. பேனாக் கறையைக் கையால் மறைத்துப் பார்த்தார், மறைக்காமல் பார்த்தார், எப்படிப் பார்த்தாலும் கல்யாணத்துக்குப் போகிற ஆள் மாதிரி இல்லை.

டாக்ஸிக்காரன் பேச்சுக்காரன். பதிவு அலுவலகமா சார், வீட்டுக்கா, கடைக்கா, எதைப் பதியறீங்க? கல்யாணம். யாருக்கு? என் பொண்ணுக்கு. அட, அப்படிச் சொல்லுங்க, அதான் முகத்துல பதட்டமா இருக்கு, நான் சந்துல விட்டு ஓட்டறேன், கவலைப்படாதீங்க. கண்ணாடியில் அவன் கண்கள் இவரைப் பார்த்துச் சிரித்தன. மாப்பிள்ளை என்ன பண்றார்? பல்செட் செய்யறார். செய்யறார் என்று சொன்னது நாக்குக்குப் புதிதாக இருந்தது. நல்ல தொழில் சார், எங்கப்பாவுக்கு ஒண்ணு பண்ணணும், சாப்பிடவே முடியல அவரால, மாப்பிள்ளை பேர் என்ன சார், போய்க் கேட்டுப் பாக்கறேன்.

பேர். வாயைத் திறந்தார், வரவில்லை. என்ன இது, கேட்டிருப்போமே, கதவருகில் நின்று அவனே சொன்னானே, சார், நான் தான்… டீவியில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது, தலையை ஆட்டினார், உட்காரு என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அவன் அந்தப் பையன், கோபம் வந்தால் பல்லுக்காரன். மனைவி அவன் பேரை எடுக்க ஆரம்பித்தாலே, அந்தப் பேச்சை விடு என்று கையை ஆட்டி நிறுத்திவிடுவார். மூன்று எழுத்தா, நான்கா? அவள் அறைக்குள் போனில் பேசும்போது கூப்பிடுவாளே, சிரித்துக்கொண்டே, செல்லமாகச் சுருக்கி, அதுகூட வரவில்லை. ஒவ்வொன்றாக நறுக்கிப் பார்த்தபோது வேலை வந்தது, குடி வந்தது, காபி டம்ளர் வந்தது, இது எப்படி விட்டுப்போனது? அழைப்பிதழ், ஆமாம், மகள் அனுப்பியிருந்தாள், ஒன்றரை மாதம் ஆகியிருக்கும், தேதி பதிவான அன்றைக்கே. போனை எடுத்து மேலே மேலே தள்ளினார், அவள் கேள்வியைத் தாண்டி, அப்பா அப்பா என்று தொடங்குகிற செய்திகளைத் தாண்டி, இதோ, மங்கலாக ஒரு சதுரம், பூ மாதிரி ஏதோ, எழுத்து மாதிரி ஏதோ, அவர் ஒரு தடவைகூடத் திறக்காத படம். தொட்டார். இந்தப் படம் இப்போது இல்லை, அனுப்பியவரிடம் மீண்டும் அனுப்பும்படி கேட்கவும் என்றது. மறுபடி தொட்டார். அதையேதான் சொன்னது. முன்னால் டாக்ஸிக்காரன், சார், பேர் சொல்லலயே என்றான், பிறகு கண்ணாடியில் பார்த்துவிட்டு, சரி சரி, அப்புறம் கேட்டுக்கறேன் என்று அவனாகவே ரேடியோவைப் போட்டான். சந்து முடிந்து பெரிய சாலை வந்தது, தூரத்தில் அந்தக் கட்டடம், வாசலில் கொஞ்சம் பேர். அவளிடம் கேட்கலாம், மறுபடியும் அனுப்பும்மா என்று இரண்டு வார்த்தை, அவள் கேள்விக்கு அடியில் அவர் எழுதுகிற முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும், ஆனால் இப்போது போய்க் கேட்டால் என்ன நினைப்பாள்? விரல் எழுத்துகளின் மேலேயே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது, வாயை மெதுவாகத் திறந்தார், வலித்தது, நன்றாகவே வலித்தது. இறங்கிப் படியேறினால் முதலில் ஓடி வரப்போவது அவனாகத்தான் இருக்கும், வாங்க சார் என்று கையைப் பிடிப்பான், அவனை என்னவென்று கூப்பிடுவது?